இன்னா செய்யுதுன்னு கேட்கிற வேலை

டாக்டர் வீட்டு முன்னறையில் சீட்டு எழுதுகிறவளுக்கு முதலீடு ஒரே ஒரு கேள்விதான்: "இன்னா செய்யுது?" கேட்பதற்கு ஒரு நொடி போதும். பதில் முடிவதற்குள் செஞ்சியிலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பிவிடலாம். ரேஷன் கடையிலோ தபாலாபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலோ உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எதிரே நிற்கிறவர்கள் எல்லாரும் நம் கழுத்தை அறுக்கவே வீட்டிலிருந்து கிளம்பி வருகிறார்கள் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு பெரியவரின் உயிர் போகப் பார்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். நைனாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. அங்கே குடம் வாங்க வந்த டாக்டரம்மா, உன் பெண்ணுக்குக் கையெழுத்து நன்றாக இருக்குமா என்று கேட்டார். அது ஒன்றுதான் நன்றாக இருந்தது. டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கம். சர்க்கார் வேலையை விட்டுவிட்டு இங்கே சொந்தமாக டிஸ்பென்சரி வைத்தவர். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். ஆகவே நான் நோயாளியிடம் கேட்டு, பேர், வயசு, ஊர், நோவு என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். கம்பவுண்டர் காதர் பாய், அவரவர் கொண்டுவந்த பாட்டிலில் சிவப்பு மிக்ஸரை ஊற்றி, வேளைக்கு ஒரு பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை மேலே ஒட்டித் தருவார். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'எஸ்.எல்.சி.' என்றுதான் கூப்பிடுவார். தவறியவள் என்பதை மறக்கவிடக் கூடாதாம்.

சோறு மண்ணாக இருந்தது

பனமலைப் பக்கத்திலிருந்து கன்னியம்மாள் என்று ஓர் அம்மா வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். இன்னா செய்யுது என்றேன். சோறு மண்ணா இருக்குது என்றார். 'வாய் ருசி இல்லை' என்று எழுதினேன். பசிக்கு டானிக் கிடைத்தது. அடுத்த வாரமும் சோறு மண்தான், மறுபடி டானிக். மூன்றாவது வாரம் டாக்டரம்மா தானே எழுந்து வந்து, எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று கேட்டார். நேற்று மழை பெய்தது என்று சொல்கிற குரலில் அந்த அம்மா சொன்னார். மகன் ஏரியில் முழுகி இரண்டு வருஷம். அன்றைக்கு முதல் சோறு மண். ஏரிக்கரையில் நின்றால் கால் தானாக உள்ளே இறங்கப் பார்க்கிறது, அதனால் அந்தப் பக்கம் போவதில்லை, துணி துவைக்க மருமகளை அனுப்பிவிடுகிறேன் என்றார்.

மூன்று வாரம் இந்த அம்மா என் எதிரே ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஓட்டல் சாப்பாட்டைப் பற்றிப் புகார் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். அவரைத் தனியாக உட்கார வைத்து வெகுநேரம் பேசி, மருமகளையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி அனுப்பிய பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு நோய்தான், இங்கிலீஷ் புத்தகத்தில் பேர் இருக்கிறது, ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். வயசானவர்கள் யாரும் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள், இனிமேல் அவர்கள் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுது என்றார். பிறகு மூன்று சீட்டையும் என் முன்னால் பரப்பினார்.

"வாய் ருசி இல்லன்னு இதுல இருக்கே, இது அவ சொன்னதா பிள்ள, நீ சமைச்சதா?"

பேர் தெரிந்த கர்வம்

நோய்க்குப் பேர் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே எங்கள் கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். ஆறு மாதமாகத் தலையில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறதாம். கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லையாம், எழுந்தால் உட்காரத் தோன்றவில்லையாம். நான் விஷயம் தெரிந்தவள் அல்லவா? பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போதே, சத்தமாக, "மனசு சரியில்லையா?" என்று கேட்டேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தார். ஜவுளிக்கடைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், நேராக நைனாவின் கடைக்குப் போயிருக்கிறார். பாத்திரங்களெல்லாம் அதிரும்படி கத்தினாராம். அன்றைக்கு நைனா என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அவரும் ஜவுளிக்கடைக்காரர் கட்சி. அந்த மனுஷர் கத்தியதை நைனாவே எனக்கு ஒப்பித்தார்.

"தலைன்னு சொன்னா தைலத்தக் குடுங்க. மனசுன்னு ஒரு வாட்டி எழுதிப்புட்டா, எம்பொண்ண எவன் கட்டுவான்?"

ஊசி மலையாட்டம்

இஸ்மாயில் பாய் மெத்தை தைக்கிறவர். கை கனக்குது, ஊசி மலையாட்டம் இருக்குது என்றார். இந்தத் தடவை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். டாக்டரம்மா கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. காதர் பாய்க்கு அவர் ஒரே பள்ளிவாசல் ஆள். ஒழுங்காகத் தொழு, கை தானாக லேசாகும் என்று உரிமையோடு அதட்டினார். ஐந்து வேளையும் தொழுகிறேன், எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்கத்தான் முடியவில்லை என்றார் இஸ்மாயில் பாய். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

அழ வேண்டும் போலத் தோன்றுகிறதா என்று டாக்டரம்மா கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்டாட்டியை அடக்கம் பண்ணிய அன்றைக்கே அழவில்லையாம், இப்போது என்ன வந்தது என்றார். அப்படியானால் இத்தனை நாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையா என்று நான் குறுக்கே விழுந்து கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு, காதர் பாய் அவரை அதட்டுவதை விட்டுவிட்டார்.

"எப்படி இருக்கிறேன்னு கேட்டா அல்லாவுக்கே புகழ், அல்ஹம்துலில்லான்னுதான் சொல்லணும், பாப்பா. நோவுதுன்னு சொன்னா, குடுத்தவனயே கொற சொல்றாப்ல ஆவாதா?"

மனுஷ ஆஸ்பத்திரியில் மாட்டுக் கேஸ்

வெள்ளிக்கிழமை சந்தை நாள். பெஞ்சு போதாமல் வாசற்படி வரைக்கும் ஆள் உட்காரும். அப்படி ஒரு வெள்ளியில், அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து ஏழுமலை என்கிற பெரியவர் வந்தார். நெட்டையான, முதுகு வளையாத ஆள். எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்தார். இன்னா செய்யுது என்றேன். மாடு அசை போடவில்லை என்றார். புல்லை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, சுவரைப் பார்த்துப் படுக்கிறது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் காதைக்கூட ஆட்டவில்லை, கோழி கூவுவதற்கு வெகு முன்னாடியே எழுந்து நின்றுகொள்கிறது என்றார். மாட்டாஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டு தாண்டி இருக்கிறது தாத்தா என்று கையைக் காட்டினேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதே மாடு, அதே சுவர். சொன்னதைச் சொன்ன மாதிரி எழுது என்பது மனுஷர்களுக்கான சட்டம், மாட்டுக்கு இல்லை என்று நான் சீட்டே போடவில்லை. காதர் பாய்க்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீரில் மிக்ஸருக்குப் போடுகிற சிவப்பைக் கலந்து, பெரிய பாட்டிலில் ஊற்றி, எட்டுப் பல் வெட்டிய பட்டையும் ஒட்டி, இந்தாங்க மாட்டு மருந்து என்று கொடுத்தார். நான் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார். அதைக் கேட்டு நாங்கள் இன்னும் சிரித்தோம்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, பாய்?"

நான் சொன்ன யோசனை

மூன்றாவது வெள்ளிக்கிழமை கூட்டம் கழுத்தை நெரித்தது. ஒரு பிள்ளை என் மேஜையிலேயே வாந்தி எடுத்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் வந்து நின்றார். மாடு இப்போது தண்ணீரும் குடிக்கவில்லையாம். ஏரில் பூட்ட முடியாது, வண்டிக்கும் ஆகாது. வைத்துத் தீனி போடுவது வீட்டுக்குத் தண்டம்தானே என்று கேட்டார். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அடிமாட்டுக்கு ஓட்டிவிடலாமா என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஓட்டிடுங்க தாத்தா, ஆவாத மாட்ட வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் வருத்தம் இல்லை. சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார். இன்றைக்கும் அதுதான் கண்ணில் நிற்கிறது.

"படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தொழுவத்தில் இருந்தது

திங்கட்கிழமை காலை மாட்டாஸ்பத்திரி ஆள் துரைசாமி, மாடு மிதித்த தன் காலுக்குக் கட்டுப்போட்டுக்கொள்ள வந்தார். வந்ததும் வராததுமாக என்மேல் பாய்ந்தார். அந்தப் பெரியவரின் தொல்லை தாங்காமல் அவருடைய மாட்டைப் போய்ப் பாருங்கள் என்று நான்தான் இவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நேற்று அந்தப் பக்கம் போனபோது மாட்டு டாக்டரும் இவரும் வெயிலில் சைக்கிள் மிதித்து அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மாடே இல்லையாம். போன வருஷம் மகன் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் போட்டுவிட்டான். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த காளைக்கு வேலை இல்லை, அதைச் சந்தையில் விற்றாகிவிட்டது. அந்தக் காளையை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கும் வேலை இல்லை.

ஊரையே ஏமாற்றுகிற கிழவன் என்று துரைசாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புல்லை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது யார், சுவரைப் பார்த்துப் படுத்தது யார், கோழி கூவுமுன் எழுந்து நின்றது யார் என்று ஒவ்வொன்றாக மண்டையில் விழுந்தது. அடிமாட்டுக்கு ஓட்டிவிடலாமா என்று அவர் யாரைப் பற்றிக் கேட்டார் என்பது கடைசியில் விழுந்தது. அதற்கு நான் சொன்ன பதிலும் கூடவே விழுந்தது. அப்புறம் துரைசாமி சொன்னதைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். மாடு போகலாம், கயிறு போனால் வீட்டு லட்சுமியும் போய்விடும் என்பார்கள்.

"தொழுவத்துல கயிறுதான் தொங்குது. அதப் பாத்துக்கினே ஒக்காந்திருக்கிறாரு மனுசன்."

மாட்டை விசாரித்தோம்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன யோசனையையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பெஞ்சில் இருந்தவர்களைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, ஜட்கா பிடித்து, நானும் காதர் பாயும் அவருமாகப் போனோம். வழியெல்லாம் குதிரையை விரட்டச் சொல்லி நான் வண்டிக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். பெரியவர் உயிரோடு இருந்தார். பெருக்கி மெழுகிய காலித் தொழுவத்தில், தீனித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் பாட்டில். பட்டையில் எட்டாவது பல் வரைக்கும் குடித்து முடித்திருந்தார். காதர் பாய் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். எனக்கு இன்னாம்மா, கல்லாட்டம் இருக்கிறேன் என்றார். மருமகள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாமாவுக்கு ஒன்றும் இல்லை, பேச்சுத்தான் குறைந்துபோச்சு என்றாள். டாக்டரம்மா மோரைக் குடித்து முடித்தார். பிறகு, சரி, மாடு எப்படி இருக்கு என்று கேட்டார். பெரியவர் பேச ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினார். இல்லாத மாட்டைப் பற்றி அவர் சொல்வதும் டாக்டரம்மா தலையாட்டுவதுமாக இருந்தது. மாடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா, அந்த மாட்டுக்குச் செத்துப் போகணும்னு தோணுதா என்று கேட்டே விட்டார். இதை எல்லாம் வாய்விட்டுக் கேட்பார்களா என்று நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கேட்பதால் அந்த எண்ணம் வராது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று அப்புறம் சொன்னார். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் மாதிரி சொன்னார்.

"தோணுதும்மா. கோழி கூவறதுக்கு முன்ன தெனமும் தோணுது."

எருமையும் காளையும்

அந்தக் கயிற்றை என்னிடம் கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. முடியாது என்றார் பெரியவர். கயிறு வாசல் தாண்டினால் மகன் குடும்பம் விளங்காது, இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை நானே அனுப்புவேனா என்றார். அந்தக் கயிற்றை வைத்து அவர் என்ன செய்ய நினைத்தார் என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் மகன் குடும்பத்துக்குக் கெடுதல் வரக் கூடாது என்பதில் மனுஷர் கெட்டியாக இருந்தார். திருநெல்வேலிக்காரருக்கு இந்தக் கணக்கு புரியவில்லை.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தாத்தா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, மாட்டை அடிமாட்டுக்கு அனுப்பக் கூடாது, நான் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அப்போது வெளியே நின்ற காதர் பாய் உள்ளே வந்தார். பெரியவரே, எங்கள் வீட்டு எருமைக்குக் கயிறு அறுந்துபோச்சு, இதை இரவலாகக் கொடுங்கள், இரவல் கொடுத்தால் பொருள் உங்கள் வீட்டுடையதுதானே, லட்சுமி எங்கேயும் போக மாட்டாள் என்றார். காதர் பாய் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. அவர் குடியிருக்கிற சந்தில் எருமை திரும்பக்கூட இடம் இல்லை, அது செஞ்சிச் சந்தைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். ஒனக்கு ஏது பாய் எருமை என்று கேட்டார் பெரியவர். காதர் பாய் கயிற்றைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டே திருப்பிக் கேட்டார். பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், அப்புறம் தோள் குலுங்கியது, சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கயிற்றைத் தடுக்கவில்லை.

"ஒனக்கு ஏது பெரியவரே காளை?"

நோவாளி பேர்: காளை

மகனைத் தனியாக அழைத்து, அப்பாவைத் தனியே விடாதே என்று சொல்லிவிட்டு வந்தோம். டாக்டரம்மா மெட்ராஸில் தனக்குத் தெரிந்த மனநல டாக்டருக்கு எழுதி மாத்திரை வரவழைத்தார். அது மிக்ஸர் மாதிரி குடித்ததும் கேட்கிற மருந்து இல்லை. வாரக்கணக்கில் ஆகும் என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் பெரியவர் வந்தார். ஆனால் சீட்டில் தன் பேரை எழுத விடவில்லை. மருந்து மாட்டுக்குத்தானே, எம்பேரு எதுக்கு என்றார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன், எழுது என்று கண்ணைக் காட்டினார். பேர் காளை. ஊர் அவருடைய ஊர். வயசு என்று கேட்டேன், ஜெர்மன் சண்டையை எல்லாம் கூட்டிக் கழித்துத் தன் வயசைச் சொன்னார். எழுதினேன். நோவு: இன்றைக்கு ரெண்டு வாய் தின்றது.

காதர் பாய் அந்தச் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அறுவத்தெட்டு வயசுல ஒரு மாடு. நீ ஏன் கணக்குல போனன்னு இப்பதான் புரியுது, எஸ்.எல்.சி."

பசு வந்த கதை

ஒரு தடவை சூடுபட்டவள் நான். அவலூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்து, பசு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, டாக்டரம்மாவைப் பார்த்துச் சொல்லணும் என்றதும், மேஜையை விட்டு எழுந்தே போய்விட்டேன். பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பி அந்த அம்மாவை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். பசு சுவரைப் பார்த்துப் படுக்குதா, விடியற்காலம் எழுந்து நிற்குதா என்று ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டே கேட்டேன். அந்த அம்மாவும் மரியாதையாகப் பதில் சொன்னார். பிறகு டாக்டரம்மா கேட்ட மாதிரியே, குரலைத் தாழ்த்தி, அந்தப் பசுவுக்குச் செத்துப் போகணும்னு தோணுதா என்றேன்.

அந்த அம்மா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். வாசலைக் காட்டினார். அங்கே, சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், விளக்குக் கம்பத்தில் ஒரு சிவப்புப் பசு கட்டியிருந்தது. அதன் பின்பக்கத்தைப் பார்த்தாலே நோவு என்னவென்று எனக்குக்கூடத் தெரிந்தது.

"கழிச்சல்டி அதுக்கு. கன்னு போட்டு பத்து நாள் ஆவுது, அது ஏன்டி சாவ நெனைக்கணும்?"

வராத வெள்ளிக்கிழமை

மாத்திரை ஆரம்பித்து ஏழெட்டு வாரம் இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை பெரியவர் வரவில்லை. எப்போதும் காலை முதல் பஸ்ஸில் வந்து, கடைசி ஆளாக உட்காருகிறவர். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். பதினொன்றுக்கு அவலூர்பேட்டை பஸ் வந்தது, அதிலும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு நான் எழுதிய சீட்டுகளில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஊரும், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வயசும் இருந்தன. காதர் பாய் ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டிய பாட்டிலை இன்னொருத்தருக்குக் கொடுத்து, ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தார். கயிறு எங்கள் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் ஊரில் கயிற்றுக்கா பஞ்சம், கிணற்றுக்கா பஞ்சம்? டாக்டரம்மா ஜட்கா கொண்டுவரச் சொன்னார். வண்டி வந்து வாசலில் நின்றது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நடுப்பகல் வெயிலில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பெரியவர் தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தார். வண்டியைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று அவர் எங்களைக் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் இவ்வளவு நேரம், நாங்கள் என்னவென்று நினைப்பது, பஸ் என்ன ஆச்சு என்று கத்தினேன். தூங்கிவிட்டேன் என்றார். வெயில் மூஞ்சியில் அடிக்கிற வரைக்கும் தூங்கிவிட்டேன், கோழி கூவியதே காதில் விழவில்லை, மருமகளும் எழுப்பவில்லை, முதல் பஸ் போயிடுச்சு, நடந்தே வந்துட்டேன் என்றார். நான் படபடப்போடு உள்ளே போய் உட்கார்ந்து, சீட்டை எடுத்து, பழக்கத்தில் 'பேர்: காளை' என்று எழுதி, 'மாடு நன்றாகத் தூங்கியது' என்று சொல்லிக்கொண்டே எழுதப் போனேன். அவர் மேஜைமேல் கையை வைத்து நிறுத்தினார். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்கிற மாதிரி குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மாட்டத்தான் போன வருசமே வித்தாச்சே, பொண்ணே. நாந்தான் தூங்குனேன், எம்பேருல எழுது."

மொத்தத்தில், வயசானவர்கள் 'நான்' என்கிற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வார்கள், அதுவரைக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு மத்தியானச் சோறு ஆறிப்போகும், அவ்வளவுதான்.